கூட்டை விட்டு இறங்கிய குஞ்சு



இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் காணி உறுதி, உதவிக் கொடுப்பனவு, காணாமல் போனோர் பற்றிய முறைப்பாடு, பிள்ளைகளின் படிப்புச் செலவு ஆகியவற்றைப் பற்றியே இருக்கும். கடந்த மாதம் வந்த ஒரு கடிதம் குருவிக் குஞ்சு ஒன்றைப் பற்றியது. எங்கள் மாதாந்தக் கூட்டத்துக்கு வந்த அயல்வீட்டுப் பெண்ணின் கையில் அதனைக் கொடுத்தனுப்பியிருந்தார் ஒரு சகோதரி. அவருடைய அனுமதியுடனேயே இதை எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.

அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1990ஆம் ஆண்டின் வன்செயலில் கணவரை இழந்தவர். 2004 டிசம்பர் 26 சுனாமி, கடலோரத்தில் இருந்த வீட்டையும் கொண்டுபோனது. இப்போது வீட்டுத்திட்ட வீடொன்றில் இருக்கிறார். மூத்த மகள் வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத்துக்குப் போய் இரண்டு வருடம். மகளின் ஒன்பது வயது மகன் இவரிடம் வளர்கிறான். பெருநாளைக்கு மாமா ஒருவர் அந்தப் பிள்ளைக்கு ஒரு சோடி பின்ச் குருவி வாங்கிக் கொடுத்தார். சோடி நாலு முட்டையிட்டது. நாலும் பொரித்தன. மூன்று குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கிக் கொப்பில் ஏறிவிட்டன. கடைசிக் குஞ்சு ஒரு நாள் பிந்தி இறங்கியது, கொப்பில் ஏறவில்லை. கூண்டின் அடித்தட்டில், இறகைப் பொங்க வைத்துக்கொண்டு கண்ணை மூடி இருந்தது. "இது தப்பாது, பூனைக்குப் போடுங்க" என்றார்களாம் பக்கத்து வீட்டார். பிள்ளை பாடசாலைக்குப் போக மறுத்துவிட்டான்.

கடிதத்தின் முடிவில் அவர் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: "பேரன் என்னிடம், 'உம்மம்மா, இதுட உம்மா இத வேணாமெண்டு தள்ளிப் போட்டாவா?' என்று கேட்கிறான். நான் குருவிக்கு மருந்து கேட்கிறேனா, பிள்ளைக்கு மறுமொழி கேட்கிறேனா என்று எனக்கே விளங்கவில்லை."

குஞ்சின் காரியம் அடுத்த இதழ் வரைக்கும் காத்திராது. அன்றே தொலைபேசியில் பேசிவிட்டு, கால்நடை வைத்தியர் ஒருவரிடமும் பல வருடமாகப் பின்ச் வளர்க்கும் ஒருவரிடமும் விசாரித்து, மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குப் போனேன். அங்கே செய்ததையும் கேட்டறிந்ததையும் உங்களுக்கும் சொல்கிறேன். நம்மில் பலர் வீட்டில் இருந்தபடி சிறு வருமானத்துக்காகக் குருவி வளர்ப்பவர்கள். அவர்களுக்கும் இது உதவும்.

இது என்ன குருவி?

நம் பகுதியில் பின்ச் என்று வளர்க்கப்படுபவற்றுள் இரண்டு வகை அதிகம். ஒன்று வரிக்குதிரைப் பின்ச். ஆணுக்குச் செம்மஞ்சள் கன்னமும் மார்பில் கறுப்பு வரிகளும் இருக்கும். அவுஸ்திரேலியாவும் தீமோர்ப் பக்கத்துத் தீவுகளும் இதன் பிறப்பிடம். மற்றது பெங்காலிப் பின்ச். இந்தப் பறவை காட்டில் எங்குமே இல்லை. யப்பானில் இருநூறு வருடங்களுக்கு மேலாகக் கூண்டில் வளர்த்து உருவாக்கப்பட்டது. இதன் காட்டு மூதாதை முதுகு வெளுத்த சில்லைக் குருவி. அது இலங்கையிலும் உண்டு; வயல் பக்கமாகக் கூட்டமாக வந்து புல் விதை தின்னும்.

வளர்ந்த பின்ச் ஒன்றின் நிறை 12 முதல் 16 கிராம் வரையில்தான். தங்கக் கணக்கில் சொன்னால் ஒன்றரைப் பவுணிலிருந்து இரண்டு பவுண். இந்தச் சிறிய உடலில் சேமிப்பு என்று ஒன்றும் இல்லை. ஒரு கோழிக்குஞ்சு ஒரு நாள் பட்டினியைத் தாங்கலாம். பின்ச் குஞ்சுக்குச் சில மணித்தியாலங்களே ஆபத்தாகிவிடும். எனவே, "நாளைக்குப் பார்ப்போம்" என்று விடக்கூடாது.

எந்த நாளில் என்ன நடக்கும்?

முட்டை பொரிக்க 12 முதல் 14 நாள் வரை செல்லும். பொரித்து 18 முதல் 22 நாளுக்குள் குஞ்சுகள் முட்டியை விட்டு வெளியே வரும். வெளியே வந்துவிட்டதால் வளர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இன்னும் இரண்டு வாரத்துக்குத் தாயும் தகப்பனும் ஊட்ட வேண்டும். ஏறக்குறைய 35ஆம் நாளில்தான் தானாகத் தின்று பிழைக்கும். அதுவரை சொண்டு கறுப்பாக இருக்கும். வரிக்குதிரைப் பின்ச்சுக்கு அது வளர வளரச் சிவக்கும். முதல் சில இரவுகளில் குஞ்சுகள் திரும்பவும் முட்டிக்குள் போய்த்தான் படுக்கும்.

கடைசியாகப் பொரித்த குஞ்சு மெலிந்து போவதற்குக் காரணம் உண்டு. முதலில் பொரித்தவை பெரிதாகி, கழுத்தை நீட்டி முந்திக்கொள்கின்றன. பெற்ற குருவிகள் அதிகமாகக் கேட்கும் வாய்க்கே அதிகமாக ஊட்டும். பின்ச் குஞ்சு தலையைத் தாழ்த்தி, கழுத்தைத் திருப்பி, வாயை மேல்நோக்கித் திறந்து கத்திக் கேட்கும். மெலிந்த குஞ்சுக்கு அந்தக் கழுத்தைத் திருப்பும் பலம் இல்லை.

இங்கே ஒரு சுழற்சி இருக்கிறது. தீன் கிடைக்காததால் உடல் குளிர்கிறது. குளிர்ந்த குஞ்சு வாயைத் திறந்து கேட்பதில்லை. கேட்காத குஞ்சுக்கு ஊட்டப்படுவதில்லை. இதை வாசிக்கும்போது உங்களில் சிலருக்கு 2005ஆம் ஆண்டின் முகாம்கள் ஞாபகம் வரலாம். அப்போது நான் பாடசாலை மாணவி. பின்னர் இந்த வேலைக்கு வந்து பெண்களோடு பேசும்போதுதான் அறிந்தேன்: வரிசையில் முந்திக் குரல் கொடுத்தவர்களுக்குச் சாமான் கிடைத்தது, கணவனை இழந்து இத்தாவில் இருந்ததால் வரிசைக்கே வரமுடியாத பெண்கள் பலருக்குப் பதிவு கூடப் பிந்தியது. உதவி செய்யும் எவரும் கேட்காத வாயைத் தேடிப் போகவேண்டும் என்று நான் படித்துக்கொண்டது அவர்களிடம்தான்.

முதலில் சூடு

மெலிந்த குஞ்சைக் கண்டதும் நம் கை தீனைத்தான் தேடும். அது பிழை. குளிர்ந்த உடலில் போட்ட தீன் செமிக்காது. முதலில் சூடு, பிறகுதான் தீன்.

ஒரு சப்பாத்துப் பெட்டி எடுங்கள். பக்கங்களில் காற்றுத் துளைகள் இடுங்கள். அடியில் பழைய சாரத் துண்டை மடித்து விரியுங்கள். மருதமுனைத் தறிச் சாரம் போல நெருக்கமாக நெய்த துணி நல்லது. துவாயைப் போடாதீர்கள், அதன் நூல் வளையங்களில் குஞ்சின் நகம் சிக்கி, கால் முறியக்கூடும். வழுக்கும் பத்திரிகைத் தாளை மட்டும் போட்டாலும் கால்கள் இரு பக்கமும் விரிந்து போகும்.

சுடுதண்ணீர் நிறைத்த சிறிய போத்தலைத் துணியால் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மாத்திரம் வையுங்கள். மறுபக்கம் வெறுமையாக இருக்கட்டும். சூடு கூடினால் குஞ்சு விலகிப் போக இடம் வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால் சூடு அதிகம். இறகைப் பொங்க வைத்து நடுங்கினால் சூடு போதாது. பெட்டிக்குள் 30 முதல் 32 பாகை செல்சியஸ் அளவு போதுமானது. போத்தல் ஆறிவிட்டால் குஞ்சின் சூட்டையே அது இழுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து மாற்றுங்கள்.

முன்பு 40 வாற் குண்டு மின்குமிழைப் பெட்டிக்கு மேலே தொங்கவிடுவார்கள். இன்று வீடுகளில் உள்ள எல்.ஈ.டி. மின்குமிழ் வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது. "லைட் போட்டிருந்தேன், குஞ்சு செத்துவிட்டது" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். குண்டு மின்குமிழ் கிடைத்தாலும் மின்வெட்டில் அது உதவாது. சுடுதண்ணீர்ப் போத்தலே நம்பத்தக்கது.

நமது கரையோரத்தில் நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும். அந்த மாதங்களில் கூண்டு விறாந்தையில் இருந்தால் மெலிந்த குஞ்சு ஓரிரவில் போய்விடும். கடலைப் பார்த்த பக்கத்தைச் சாக்கால் மறைத்து, இரவில் கூண்டை வீட்டுக்குள் எடுங்கள்.

ஊட்டுவது யார்?

சூடு ஏறியதும், ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் குஞ்சு கண்ணைத் திறக்கும். குரல் கொடுக்கும். அப்போது உடனே நாம் ஊட்டத் தொடங்காமல், அதனைக் கூண்டுக்குள் சகோதரக் குஞ்சுகளுக்குப் பக்கத்தில் விட்டு, பத்து அடி தள்ளி அமர்ந்து இருபது நிமிடம் பாருங்கள். சூடு ஏறிய குஞ்சு கேட்கும். கேட்டால் பெற்ற குருவி ஊட்டும். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. தாயும் தகப்பனும் ஊட்டுகிற தீனுக்கு ஈடான தீனை நம்மால் தயாரிக்க முடியாது.

ஊட்டுகிறதா என்று அறிய இன்னுமொரு வழி உண்டு. மாலையில் குஞ்சை மெதுவாகக் கையில் எடுத்து, கழுத்தடியில் உள்ள தீனிப்பையைப் பாருங்கள். தோல் மெல்லியது, உள்ளே தினை மணிகள் தெரியும். நிறைந்திருந்தால் அல்ஹம்துலில்லாஹ், நீங்கள் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். வெறுமையாக இருந்தால் மறுநாள் விடியலிலேயே கவனிக்கவேண்டும்.

இருட்டுவதற்கு முன்பு குஞ்சை முட்டிக்குள் சகோதரங்களோடு வைத்துவிடுங்கள். அவற்றின் உடல் சூட்டுக்கு மேலான போத்தல் இல்லை.

அந்த வீட்டில் நான் கண்டது இதுதான். பெண் குருவி மறுபடியும் முட்டையிட்டு முட்டிக்குள் அமர்ந்துவிட்டது. ஆண் குருவிதான் நாலு குஞ்சுக்கும் ஓடியோடி ஊட்டிக்கொண்டிருந்தது. இது வழமையானது. ஆனால் சில சோடிகள் அடுத்த முட்டைக்கு அவசரப்பட்டு முன்னைய குஞ்சுகளைத் துரத்தும். அவற்றின் இறகைப் பிடுங்கும். அப்படியானால் கூண்டின் நடுவே கம்பித் தட்டி வைத்து, தகப்பனையும் குஞ்சுகளையும் ஒரு பக்கம் விடவேண்டும். இந்த வீட்டில் அதற்குத் தேவை ஏற்படவில்லை.

கையால் ஊட்ட நேர்ந்தால்

பெற்ற குருவிகள் இறந்துவிட்டன, அல்லது சூடு கொடுத்தும் ஊட்டவே இல்லை என்றால் மாத்திரம் கையால் ஊட்டுங்கள். குஞ்சுகளுக்கென்று விற்கும் தீன் மா கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்கும் வரை ஒன்றிரண்டு நாளைக்கு, அவித்த முட்டையின் மஞ்சள் கருவையும் ஊறவைத்து அரைத்த தினையையும் இளஞ்சூட்டு நீரில் தயிர்ப் பதத்தில் குழைக்கலாம். கைக்குழந்தைக்குப் பால் பார்ப்பதுபோல மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். சூடும் குளிரும் தெரியக்கூடாது.

ஊசி கழற்றிய 1 மில்லிலீற்றர் சிரிஞ்சில் எடுத்து, குஞ்சு வாயைத் திறக்கும்போது சிறிது சிறிதாக விடுங்கள். வாயைத் திறக்காவிட்டால் சொண்டின் ஓரத்தில் ஒரு பொட்டு வையுங்கள். தானாக நக்கி விழுங்கும். சொண்டைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். இதனால் இறந்த குஞ்சுகள் பசியால் இறந்தவற்றைவிடக் குறைவல்ல என்கிறார் அந்த வளர்ப்பாளர். தீனிப்பை மெதுவாக உருண்டதும் நிறுத்துங்கள். அது ஏறக்குறைய வெறுமையானதும் அடுத்த தரம். விடியலிலிருந்து மாலை வரை ஒன்று, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று வரும். தீனிப்பை வெறுமையாகாமல் அப்படியே நின்றால் கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுங்கள்.

செய்யக்கூடாதவை: பசுப்பால் கொடுக்காதீர்கள், பறவைக்குப் பால் செமிக்காது. பாணும் சோறும் வயிற்றை நிறைக்கும், வளர்ச்சியைத் தராது. நமக்குத் தந்த மாத்திரைகளை உடைத்துக் கொடுக்காதீர்கள். வாயில் தண்ணீர் சொட்டாதீர்கள்.

இன்னொரு வழியும் உண்டு. அயலில் யாரிடமாவது ஏறக்குறைய இதே வயதுக் குஞ்சுகளுடன் பெங்காலிப் பின்ச் சோடி இருந்தால் அவற்றிடம் சேர்க்கலாம். பிறர் பிள்ளையை ஏற்று வளர்ப்பதில் இந்தக் குருவி பேர்போனது. உலகெங்கும் வளர்ப்பாளர்கள் இதனை வளர்ப்புத் தாயாகப் பயன்படுத்துகிறார்கள்.

கூண்டில் பார்க்கவேண்டியவை

மெலிவுக்குக் காரணம் கூண்டிலேயே இருக்கலாம். இரவில் கூண்டின் மீது வெள்ளைத் துணி போட்டு, விடியுமுன் எடுத்துப் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்தால் அது இரத்தம் குடிக்கும் உண்ணி. பகலில் கொப்பின் வெடிப்பிலும் முட்டியின் அடியிலும் ஒளிந்திருந்து இரவில் குஞ்சின் இரத்தத்தைக் குடிக்கும். பழைய தும்பை எரித்துவிட்டு, முட்டியையும் கொப்புகளையும் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவைத்து, புதிய தும்பு போடுங்கள். பூச்சிமருந்து விசிறாதீர்கள். நுளம்புச் சுருளையும் கூண்டுக்குக் கிட்டக் கொளுத்தவேண்டாம். இந்தச் சிறு நுரையீரல் புகையைத் தாங்காது.

கூண்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய ரின்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. தண்ணீர்த் தட்டு ஆழமாக இருந்தால் குஞ்சு விழுந்து அமிழும். ஒரு போத்தல் மூடியளவு ஆழம் போதும். ஒன்றிரண்டு கூழாங்கல் போட்டுவிடுங்கள்.

சுண்ணச்சத்துக்கு நாம் காசு கொடுக்கத் தேவையில்லை. கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, நாள்தோறும் தண்ணீரை மாற்றி, உப்புப் போனபின் வெயிலில் காயவைத்துக் கம்பியில் செருகுங்கள். கடற்கரைக்குப் போகக் காலெடுக்காத சகோதரிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நான் அறிவேன். அவர்கள் அவித்த முட்டையின் கோதை வறுத்து நொறுக்கி வைக்கலாம். பயன் ஒன்றுதான்.

முட்டையிடும் சோடிக்கும் ஓய்வு வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத பெண் குருவியை முட்டையிட விடாதீர்கள். வருடத்தில் இரண்டு அல்லது மூன்று தரத்துக்கு மேல் குஞ்சு எடுக்கவேண்டாம். முட்டியைக் கழற்றி வைத்தால் நின்றுவிடும். அடுத்தடுத்து முட்டையிட்ட தாயின் குஞ்சுகள் மெலிந்தே பிறக்கும். தாயும் முட்டை சிக்கி இறக்கும். விற்பனைக்கு வளர்ப்பவர்களுக்கும் இதுவே இலாபம்.

இன்னுமொன்று. வயலில் பறக்கும் நம் நாட்டுச் சில்லைகளைக் கண்ணி வைத்துப் பிடித்து வளர்ப்பது கூடாது. காட்டுப் பறவைகளைப் பாதுகாக்க 1937ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் சட்டம் இருக்கிறது. கூண்டில் பிறந்த பின்ச் வெளியே பிழைக்காது. வயலில் பிறந்த சில்லையை உள்ளே அடைக்கக்கூடாது.

உதவியைக் குறைக்கும் காலம்

காப்பாற்றுவதைவிடக் கடினமானது, காப்பாற்றிய கையை எடுப்பது. 25ஆம் நாளளவில் குஞ்சுகள் கொத்திப் பார்க்கத் தொடங்கும். ஊறவைத்த தினையையும் நன்றாக அவித்து மசித்த முட்டையையும் ஒரு மூடியில் அடித்தட்டிலேயே வையுங்கள். தகப்பன் அங்கே இறங்கித் தின்னும்; குஞ்சு பார்த்துப் பழகும். நமது வெயிலில் முட்டையை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது.

கொப்பை உயர்த்தி வைத்து "ஏறு" என்று காத்திருப்பதில் பயனில்லை. அடித்தட்டிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஒரு கொப்பு வையுங்கள். அதில் ஏறிய பிறகு நாலு விரல். அந்தப் பிள்ளை கொப்பின் உயரத்தைக் கூண்டுப் பலகையில் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறான். நான் அதனைப் பார்த்து மகிழ்ந்தேன்.

வலுவான குஞ்சை 35 நாளில் பிரிக்கலாம். மெலிந்ததை 45 நாள் வரையாவது விடுங்கள். தினையின் கோது அடித்தட்டில் கிடக்கிறதா, மூன்று நாளாக நிறை குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரிக்கவேண்டும். நகைக்கடைத் தராசு போல ஒரு சிறிய தராசு இருந்தால் வசதி. இல்லாவிட்டால் நெஞ்செலும்பைத் தடவுங்கள். கத்தி முனைபோலத் துருத்தி நின்றால் இன்னும் காலம் வரவில்லை.

இதை எழுதும்போது அந்தக் குஞ்சுக்கு 40 நாள். தானாகத் தினை உடைக்கிறது. நாலு விரல் கொப்பில் ஏறுகிறது. மேல் கொப்புக்கு இன்னும் பறக்கவில்லை; ஒரு கால் சற்று வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அது அப்படியே இருந்துவிடலாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அதற்கேற்பத் தாழ்வான கொப்புகளோடு அது வாழும்.

பிள்ளையின் கேள்வி

இனிப் பிள்ளைக்குரிய மறுமொழி. நான் விளக்கம் சொல்லவில்லை. பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி, அரை மணித்தியாலம் எண்ணச் சொன்னேன். தகப்பன் குருவி அந்தக் குஞ்சுக்கு நாலு தரம் ஊட்டியது. "உம்மா எங்க?" என்று கேட்டான். முட்டியைக் காட்டினேன். வாசலில் சொண்டு மட்டும் தெரிந்தது. "அங்க இருந்து முட்டையைப் பாத்துக்கிட்டிருக்கா" என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தள்ளல்லதானே?" என்றான்.

சகோதரிகளே, பெற்ற குருவி மெலிந்த குஞ்சைத் தள்ளிவிடுவதும் சில வேளைகளில் நடக்கும். அதனை நான் மறைக்கவில்லை. ஆனால் இந்தக் கூண்டில் நடந்தது அதுவல்ல. அந்தப் பிள்ளையின் வீட்டில் நடந்ததும் அதுவல்ல. உம்மா எதற்காகப் போயிருக்கிறார், எப்போது வருவார், அதுவரை யார் யார் தனக்கு என்ன செய்கிறார்கள் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. "உம்மா சைக்கிள் வாங்கப் போயிருக்கா" என்றுதான் சொல்லியிருந்தார்கள். சைக்கிளுக்காக என்னை விட்டுவிட்டுப் போனார் என்றுதான் ஒரு பிள்ளை விளங்கிக்கொள்ளும்.

நம் கரையோர ஊர்களில் எத்தனையோ வீடுகளில் உம்மம்மாமாரே பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அவர்களில் பலர் தம் பிள்ளைகளையும் கணவன் இல்லாமல் வளர்த்தெடுத்தவர்கள். அவர்களிடம் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன். உண்மையைப் பிள்ளையின் வயதுக்கேற்பச் சொல்லுங்கள். கடன் இருக்கிறது, அதனை அடைக்க உம்மா உழைக்கிறார் என்பது ஒன்பது வயதுக்கு விளங்கும். ஒப்பந்தம் முடியும் மாதத்தைக் கலண்டரில் காட்டுங்கள். பிந்தக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "குழப்படி செய்தால் உம்மா வரமாட்டா" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். உம்மா தொலைபேசியில் அழைக்கும்போது செலவுக் கணக்கை மட்டும் பேசாமல், பிள்ளைக்குத் தனியே பத்து நிமிடம் விடுங்கள்.

நீங்கள் தாய்க்கு மாற்றாள் மட்டுமே என்று தாழ்வாக எண்ணவும் வேண்டாம். 1960களில் குளோஸ் இம்மெல்மான் என்ற ஜேர்மனிய விஞ்ஞானி, வரிக்குதிரைப் பின்ச் முட்டைகளைப் பெங்காலிப் பின்ச்சிடம் அடைகாக்க வைத்தார். அந்த ஆண் குஞ்சுகள் வளர்ந்ததும் தம் இனத்தின் பாட்டையல்ல, தம்மை வளர்த்த தகப்பனின் பாட்டையே பாடின. கேட்டு வளர்ந்த குரல் உள்ளே பதிகிறது. பேரன் உங்களைப் போலவே பேசுகிறான் என்றால் அதன் பொருள் என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

இறந்து போனால்

எல்லாம் செய்தும் மெலிந்த குஞ்சு இறந்து போகலாம். அதற்கும் நாம் ஆயத்தமாக இருக்கவேண்டும். "பறந்து போய்விட்டது" என்று சொல்லாதீர்கள். பிள்ளை நித்திரைகொள்ளும்போது புதிதாக ஒன்றை வாங்கி வைக்காதீர்கள். இறந்தது என்று சொல்லி, பிள்ளையின் கையாலேயே முற்றத்தில் அடக்க விடுங்கள். அழுதால் அழட்டும்.

அபூ உமைர் என்ற சிறுவன் வளர்த்த சின்னக் குருவி இறந்தபோது, கவலையோடு இருந்த அந்தப் பிள்ளையிடம் நபிகளார் (ஸல்) குருவியைப் பற்றிக் கனிவோடு விசாரித்ததை நாம் அறிவோம். ஒரு சிறு பறவைக்காகக் கவலைப்படும் பிள்ளையைக் கேலி செய்யாமல் விசாரிப்பது நமக்கும் முடியும்.

நம்மில் எத்தனையோ பேருக்கு அடக்கம் செய்யக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை. 1990இல் கூட்டிச் செல்லப்பட்டவர்கள் திரும்பவில்லை. 2004இல் கடல் கொண்டுபோனவர்களில் பலர் யாரென்று தெரியாமலே ஒரே குழியில் அடக்கப்பட்டார்கள். "பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டாம்" என்று அன்று நாம் மூடி வைத்தவை இன்றைக்கும் மூடியபடியே இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்தவர்கள். அவர்கள் கேட்கக் காத்திருக்கவும் கூடும். ஒரு குருவியின் சாவைப் பற்றிப் பேரப்பிள்ளையிடம் உண்மையாகப் பேச முடிந்தால், மற்றதைப் பற்றி மகளிடம் பேசுவதற்கும் ஒரு வழி பிறக்கும்.

கூண்டைச் சுத்தம் செய்தபின்பும் குருவியைத் தொட்டபின்பும் பிள்ளைகளைச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். குருவி வளர்ப்பைப் பற்றியோ, வெளிநாட்டில் உள்ள தாய்மாரின் பிள்ளைகளைப் பற்றியோ உங்களுக்குக் கேள்விகள் இருந்தால் எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் கூட்டத்துக்கு வருபவர்களிடம் சொல்லி அனுப்பினாலும் போதும். அடுத்த இதழில் சந்திப்போம்.